என் கைகளின் பெயர் மாரித்தாய்

எஸ்டேட் கிளப்பின் ஆண்டு மலருக்காக மாரித்தாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கமாம்! அவளுடைய சுண்டுவிரலைப் பற்றிச் சொல்லவே இரண்டு பக்கம் வேண்டும். என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். வனிதா, பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி, காமெடி டான்ஸ் ஆடுகிறவள், அழகி. கடைசி வார்த்தையை அடித்தால் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

எங்கள் ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். பார்க்காமல் இருந்தது அவர்கள் தப்பு, இருந்தாலும் சொல்கிறேன். ஆட்டத்தின் பெயர் 'மேக்கப் ரூம்'. மேடை நடுவில் ஒரு ஸ்டூல், எதிரே கண்ணாடி இல்லாத வெறும் கண்ணாடிச் சட்டம். நான் ஸ்டூலில் உட்காருவேன். என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். எனக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு மாரித்தாய் மண்டியிட்டிருப்பாள். என் சட்டையின் தொளதொளத்த கைகளுக்குள் தன் கைகளை நுழைத்து முன்னால் நீட்டுவாள். ஆக, முகம் என்னுடையது, கை அவளுடையது. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் மேடைக்கு ஓடியாக வேண்டும். அதற்குள் பவுடர் பூச வேண்டும், மை இட வேண்டும், வாழைப்பழம் தின்ன வேண்டும், டீ குடிக்க வேண்டும், வீட்டிலிருந்து வரும் போனுக்கும் பதில் சொல்ல வேண்டும். தாளம் ஏற ஏற அந்தக் கைகளுக்குப் பைத்தியம் பிடிக்கும். மை மூக்கில் ஏறும், பழம் காதுக்குப் போகும். கடைசியில் இருவரும் ஒட்டினபடியே எழுந்து ஒரே பாவாடைக்குள் நான்கு காலோடு ஒரு குத்து ஆடி முடிப்போம். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

இதில் எதையும் நாங்கள் கற்பனை செய்யவில்லை. எல்லாமே மேடைக்குப் பின்னால் எங்களுக்கு நடந்ததுதான். போன் வரும் இடம்கூட அப்படித்தான். ஒரு கோயில் நோம்பியில் நான் மேடை ஏறப் போகும் நேரத்தில் என் வீட்டுக்காரர் கூப்பிட்டு, "மோட்டார் ரூம் சாவிய எங்க புள்ள வெச்ச?" என்று கேட்டார். மடியிலேயே வைத்திருந்தேன். மேடையில் அதைச் சொல்லும்போதெல்லாம் பெண்கள் பக்கத்திலிருந்துதான் சிரிப்பு அதிகமாக வருகிறது.

மாரித்தாய் எனக்குக் கிடைத்த கதை ஒரு வேன் கதவில் ஆரம்பிக்கிறது. ஆறு வருடம் முன்பு, தேவிகுளத்தை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் மாரியம்மன் கோயில் திருவிழா. எங்கள் ட்ரூப்பின் முதலாளி தனபால் என் அத்தை மகன். மைக்கும் வேனும் அவனுடையவை. இரண்டையும் எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. மறையூரில் டீ குடித்துவிட்டு ஏறும்போது கதவை ஓங்கிச் சாத்தினான். என் வலது கை உள்ளே இருந்தது. நான் அலறிய அலறலை, தொண்டையைப் பழக்குகிறேன் என்று நினைத்தானாம். எஸ்டேட் போய்ச் சேர்வதற்குள் கை வீங்கி, விரல் எது உள்ளங்கை எது என்று தெரியாமல் போய்விட்டது.

அங்கே மேக்கப் போட எங்களுக்குக் கொடுத்த இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. தராசுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் திரும்பலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் மூச்சு விட முடியாது. கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு, இடது கையால் மை இடப் பார்த்து, கோபத்தில் மை டப்பாவை வீசி எறிந்தேன். அது டீ கொண்டுவந்த ஒருத்தியின் மேல் போய் விழுந்தது. அவள் திட்டவில்லை. கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"கண்ண மூடுங்கக்கா, நான் போட்டு விடுறேன்" என்றாள்.

முன்னால் வர இடமில்லை. எனவே எனக்குப் பின்னால் நின்று, என் தோளுக்கு மேலே கைகளை நீட்டி முகத்தில் வேலையை ஆரம்பித்தாள். என் கொண்டையும் அதில் நான்கு முழம் மல்லிகையும் மறைத்ததில் அவளுக்கு என் முகம் கொஞ்சமும் தெரியவில்லை. கண்ணில் போக வேண்டிய மை புருவத்துக்கு மேல் போயிற்று. கன்னச் சிவப்பு தாடையில் ஏறிற்று. அது போதாதென்று, பவுடர் பஞ்சை ஒத்தி முடித்ததும் அந்தக் கை அதைச் சட்டென்று என் தோளுக்குப் பின்னால் வீசியது. பஞ்சு அவள் முகத்திலேயே அப்பியது. தும்மினாள். சீப்பை எடுத்தாள், வாரினாள், அதையும் பின்னால் வீசினாள். அது அவள் மூக்கில் பட்டது.

"பதினேழு வருசப் பழக்கம்க்கா" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கொழுந்தக் கிள்ளுனா முதுகுச் சாக்குல போடணும். கையில எது அகப்பட்டாலும் அது பாட்டுக்குப் பின்னால போட்ருது. வீட்ல கரண்டியக் கூடப் போட்டுருவேன்."

தனபால் வாசலில் நின்று இதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அழவேண்டிய நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நிற்கக்கூட வலுவில்லாமல் தராசுத் தட்டில் உட்கார்ந்தேன். முள் அறுபத்தெட்டு காட்டியது. அதற்கும் சிரித்தாள்.

"இத அப்படியே மேடையில பண்ணீரலாமுங்" என்றான் தனபால். யாரோ போர்த்தியிருந்த கம்பளியைப் பிடுங்கி அவள் மேல் போட்டான். அன்று மாலை மேடையில் நாங்கள் என்ன செய்தோம் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. கூட்டம் சிரித்த சிரிப்பில் மாரியம்மனுக்குப் பூஜை பதினைந்து நிமிடம் தாமதமாயிற்று என்று மட்டும் தெரியும்.

அப்படித்தான் கைகள் கிடைத்தன. மாரித்தாய் வாரம் முழுக்கக் கொழுந்து எடுப்பாள். சனிக்கிழமை கடைசி நிறுவை முடிந்ததும் பஸ் பிடித்து மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி எங்கள் ஊருக்கு வருவாள். திங்கட்கிழமை காலை மஸ்டரில் பெயர் கூப்பிடும்போது எஸ்டேட்டில் இருப்பாள். ஃபேக்டரியில் வேலை செய்யும் அவள் கணவர் அழகுமலை, மகள் சித்ராவின் தலையை வாரிவிடக் கற்றுக்கொண்டது இந்த ஆறு வருடத்தில்தான். முதல் இரண்டு வருடம் அந்தப் பிள்ளை கோணல் வகிடோடுதான் பள்ளிக்கூடம் போனது என்று மாரித்தாய் சொல்வாள்.

அவளைப் போன்ற ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை. எதையும் சிரித்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிப்பாள். பாதியில் மறுபடி சிரிப்பாள். எனவே அவள் சொல்கிற எந்தச் செய்தியும் எனக்கு முழுதாக வந்து சேர்ந்ததில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன உப்பு முடிச்சு இருக்கும், அட்டை கடித்தால் வைக்க. எங்கள் ஊரில் மார்ச் மாத வெயிலில் அட்டையைக் கொண்டுவந்து விட்டாலும் அது பஸ் ஏறி ஓடிவிடும். "எங்க ஊர்ல எங்க புள்ள அட்டை இருக்குது?" என்று கேட்டால், "இருக்காதுக்கா, ஆனா இருந்துருச்சுன்னா?" என்பாள். எங்கள் வீட்டு டீயைக் கையில் வாங்கினால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்து, "டஸ்ட்டுங்கண்ணே" என்பாள். கடைசியாகச் சலித்து எடுக்கும் மட்டமான தூளாம். அவர் அதிலிருந்து காபிக்கு மாறிவிட்டார்.

வேலை என்று வந்தால் மட்டும் விளையாட்டே கிடையாது. பின்னால் இருப்பவளுக்கு என் முகம் தெரியாது என்றேன் அல்லவா? அப்புறம் எப்படி அவள் கை சரியான நேரத்தில் சரியான தப்பைச் செய்கிறது? என் முதுகுதான் அவளுக்குச் சொல்லும். இடது தோள்பட்டை ஏறினால் பவுடர், வலது ஏறினால் மை. மூச்சை இழுத்துப் பிடித்தால் பழம். முதுகெலும்பை நிமிர்த்தினால் நிறுத்து, கூட்டம் சிரித்து முடிக்கட்டும். இவையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து எழுதி வைத்தவை அல்ல. ஆடி ஆடித் தானாக வந்தவை. ஒருமுறை கொழிஞ்சாம்பாறையில் எனக்கு மேடையில் திடீரென்று தலை சுற்றியது. நான் சொல்லவில்லை, காட்டவும் இல்லை. அந்தக் கைகள் தாளத்தை விடாமல் டீ கிளாஸை எடுத்து என் வாயில் வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தன. கூட்டம் அதற்கும் கை தட்டியது. "ஒங்க முதுகு வெளிறுச்சுக்கா" என்றாள் பிறகு. முதுகு வெளிறுமா? அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒத்திகை போனில்தான். வீடியோவில் நான் முகத்தை மட்டும் காட்டுவேன், அவள் கைகளை மட்டும் காட்டுவாள். "சாயங்காலமானா உன்ற போனுல ரெண்டு கை ஆடுது, பாக்கவே பயமா இருக்குது புள்ள" என்பார் என் வீட்டுக்காரர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் குறுக்கே வந்தவள் சுருளியம்மாள். மாரித்தாய் இருக்கும் லயத்தின் வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள், தோட்டத்தில் அடுத்த நிரையில் கொழுந்து எடுக்கிறாள். கெட்டவள் அல்ல. எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள், அவ்வளவுதான். முதல் திருவிழா அன்று அவள் தன் அண்ணன் வீட்டுக்கு போடிமெட்டு இறங்கிப் போயிருந்தாள். அதனால் மாரித்தாய் மேடை ஏறியதை அவள் பார்க்கவேயில்லை. ஆறு வருடமாக "நானும் டான்ஸ் ஆடுறேன்" என்று மாரித்தாய் சொல்வதும், "எங்க காட்டு" என்று அவள் கேட்பதும் நடந்திருக்கிறது. மாரித்தாய் நோட்டீசைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். 'நகைச்சுவை நடன ராணி வனிதா' என்று கொட்டை எழுத்தில் என் பெயர் இருக்கும், என் படம் இருக்கும். வேறு பெயர் இருக்காது. சரி என்று போனில் வீடியோவைக் காட்டியிருக்கிறாள். சுருளியம்மாள் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

"இதுல நீ எங்கடி?"

"கையி என்னுது மதினி."

"கையி எல்லாத்துக்குந்தான் இருக்கு. மூஞ்சி எங்க?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். மாரித்தாயும் சிரித்திருக்கிறாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் சித்ரா, "யம்மா, நெசமாவே அது ஒங்கையி தானா?" என்று கேட்டிருக்கிறாள். அது அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரமே அந்த எஸ்டேட் கிளப்பின் ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் சந்தோஷமாக அவளுக்குப் போன் போட்டேன். கைகள் வரவில்லை. முதன்முறையாகத் திரையில் அவள் முகம் வந்தது.

"அக்கா, எங்க லயத்து ஆளுக முன்னால நான் முன்னாடி உக்காருறேன். நீங்க பின்னால இருங்க."

"என்ன புள்ள பேசற? சனம் என்னையப் பாக்கத்தான வருது?"

"எங்க சனம் என்னையப் பாக்க வரும்க்கா. ஒருக்காத்தான். அதுக்கு நீங்க ஒத்துக்கலன்னா நான் இனிமே வரல. கொழுந்த எடுத்துட்டு வீட்லயே கெடக்கேன்."

சிரிக்காமல் அவள் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்தேன். வைத்தபிறகும் திட்டினேன். பத்தொன்பது வருடம் மேடையில் நின்ற முகம் இது! இதைக் கறுப்புத் துணிக்குள் போடுவதா? என் வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டேன்.

"பன்னண்டு நிமிசம் உன்ற மூஞ்சிய யாரும் பாக்காட்டி உலகம் நின்னு போயிருமா?" என்றார்.

"உங்களுக்கென்னங்க தெரியும்? தேங்காய்க்கு மூஞ்சி இருக்குதா?"

"மூணு கண்ணு இருக்குது. ஆனாலும் பேசாமத்தான் கெடக்குது" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

கை யாருக்குத்தான் இல்லை என்று நானும் நினைத்தேன். சுருளியம்மாள் சொன்ன அதே வார்த்தைதான், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. எங்கள் ட்ரூப்பில் ஆடும் மௌனிகாவைப் பின்னால் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். இடது தோள்பட்டையை ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வலதை ஏற்றினேன். மூச்சைப் பிடித்தேன். முதுகெலும்பை நிமிர்த்தினேன், வளைத்தேன், நெளித்தேன்.

"அக்கா, முதுகு அரிக்குதுங்களா?" என்றாள் அந்தப் பெண். சொறிந்தும் விட்டாள்.

அன்று மாலையே மாரித்தாய்க்குப் போன் போட்டேன். "சரி, முன்னால உக்காரு. ஒருக்காத்தான்" என்றேன். அந்தப் பக்கத்தில் கெக்கெக்கே என்று சத்தம் வந்தது. நிற்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் யானை இறங்கிவிடும் என்பதால் மதியம் இரண்டரைக்கே விழா. எங்களுக்குக் கொடுத்த மேக்கப் ரூம் எஸ்டேட் கிரஷ். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். ஒன்பது தொட்டில் தொங்கியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொட்டில் வந்து தலையில் இடித்தது. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. மேக்கப் தேவையில்லாத கையாகப் போகிறவள் என்பதால் குரங்குக் குல்லாவைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தேன்.

முந்தின ஞாயிறு முழுக்க நாங்கள் நேரில் செய்த ஒத்திகையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நான் ஊட்டிய பழம் அவள் கண்ணுக்குப் போயிற்று. நான் இட்ட பொட்டு கழுத்தில் இருந்தது. தப்பாகச் செய்வதுதானே ஆட்டம் என்பீர்கள். அப்படியல்ல. சிரிப்பு வருகிற தப்பு வேறு, பரிதாபம் வருகிற தப்பு வேறு. என்னுடையது இரண்டாவது.

தனபால் மைக்கில் முழங்கினான். "நம்ம எஸ்டேட்டின் சொந்த மகள், மாரித்தாய்!" விசில் பறந்தது. நான் துணிக்குள் மண்டியிட்டு அவள் பின்னால் நகர்ந்தேன். இருட்டு. தேங்காய் எண்ணெய் வாசனை. கண்ணெதிரே அவள் போட்டிருந்த ஆட்டச் சட்டையின் முதுகில் நான்கு கொக்கிகள், அதில் மூன்றாவதுக்குப் பதில் ஓர் ஊக்கு. அவ்வளவுதான் தெரிந்தது. மேடையும் கூட்டமும் எங்கோ வெளியே இருந்தன. இதைத்தான் ஆறு வருடமாக இவள் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று தோன்றியது.

பாட்டு ஆரம்பித்தது. முதல் வரிக்கே கூட்டம் சிரித்தது, இவள் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில். பிறகு சிரிப்பு குறைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தனபால் சொன்னான், மாரித்தாய் தன் சனத்தைப் பார்த்ததும் ரேஷன் கார்டு படத்துக்கு உட்கார்ந்தவளாக விறைத்துவிட்டாளாம். கண்கூட இமைக்கவில்லையாம். நான் பவுடர் டப்பாவைத் தேடித் துழாவினேன், சட்டத்தைத் தட்டிவிட்டேன். அவள் முதுகு எனக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. நடுக்கத்துக்கு நாங்கள் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

கூட்டம் சுத்தமாக அடங்கிவிட்டது. காமெடி ஆடுகிறவளுக்கு அந்தச் சத்தமில்லாமையைவிட வேறு பயம் கிடையாது. அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ மாரி! அது யாரு கையிடி?"

சுருளியம்மாள்தான். யார் என்று சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

"அது ஒங்கையி இல்ல. இருவத்துமூணு வருசமா அடுத்த நெரையில பாக்குறேன், எனக்குத் தெரியாதா? ஒங்கையி எங்க?"

"ஆமாடி, இது வேற யாரு கையோ!" என்று இன்னொருத்தி. "மாரி கைய விடு!" என்று இன்னும் பத்துப் பேர். கைதட்டித் தாளம் போட்டே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கை, கை, கை!

பின்னால் கட்டியிருந்த மாரித்தாயின் கைகள் சரியாக என் வயிற்றுக்கு எதிரே இருந்தன. அவை என் உடுப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன. பயத்தில் குழந்தை பிடிக்கிற பிடி. இந்தக் கைகள் எத்தனை மேடையில் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன! நான் ஒரு கையை அவள் சட்டைக்குள்ளிருந்து உருவி, அவள் கைக்கட்டின் முடிச்சைத் தேடி ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, கையை மறுபடி உள்ளே நுழைத்தேன்.

"போ புள்ள" என்றேன், ஊக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து.

முன்னால் மூன்றாவதாக ஒரு கை வந்தது. நான்காவதும் வந்தது. ஒரே ஒரு மாரித்தாய், நான்கு கைகள். கூட்டம் ஓவென்று எழுந்தது. அந்தப் புதுக் கைகள் முதலில் என் கைகளைப் பளாரென்று அடித்தன. நான் கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி நீட்டினேன், மறுபடி அடி. பிறகு என் கையிலிருந்து பவுடர் பஞ்சைப் பிடுங்கித் தன் முகத்தில் தானே ஒத்தினாள், இடது கன்னம், வலது கன்னம், தாளம் பிசகாமல். ஒத்தி முடித்தாள். கையில் பஞ்சு இருக்கிறது. அந்தக் கை என்ன செய்யும்?

தோளுக்குப் பின்னால் வீசியது.

வரும்போதே துணியை விலக்கிக்கொண்டு வந்த பஞ்சு நேராக என் முகத்தில் விழுந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் பவுடர். மூச்சு வாங்குவதற்குள் பழத்தோல் வந்தது. சீப்பு வந்தது. அரை கிளாஸ் ஆறிய டீ வந்தது. ஆறு வருடம், கிட்டத்தட்ட இருநூறு மேடை, இது முழுவதும் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். முதல் நாளே கண்ணால் பார்த்தேன். கூட்டம் சிரிக்கிறதே என்று ஆட்டத்தில் அப்படியே வைத்துக்கொண்டேன். அது எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பெரிதாகத் தும்மிக்கொண்டு எழுந்தேன். துணி நழுவி விழுந்தது. வெள்ளை முகமும், தலையில் குரங்குக் குல்லாவும், அதன்மேல் பழத்தோலுமாக நகைச்சுவை நடன ராணி வனிதா மேடையில் நின்றாள். மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், விறைத்திருந்த முகம் உடைந்தது. கெக்கெக்கே என்று ஆரம்பித்தவள் ஸ்டூலிலிருந்து சரிந்து கீழே விழுந்தாள். நான் தூக்கப் போனேன். சட்டை ஒன்று, கைகள் நான்கு, எது எங்கே போகிறது என்று தெரியாமல் இருவரும் உருண்டோம். தனபால் பாட்டை நிறுத்தாமல் வைத்திருந்தான், அவனுக்குத்தான் நிறுத்தத் தெரியாதே. உருண்ட இடத்திலிருந்தே குத்து ஆடினோம். பெண்கள் குடையால் தரையைத் தட்டினார்கள். சித்ரா பெஞ்சின் மேல் ஏறி, "எங்கம்மா! எங்கம்மா!" என்று கத்தியது அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சிரிப்பை நான் கேட்டதில்லை. அது எனக்காக வந்ததல்ல என்பதும் எனக்குத் தெரிந்தது. பொறாமையாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வழக்கமாக மாரித்தாய் குழாய்க்கு ஓடுவாள். நான் படம் எடுத்துக்கொள்ள நிற்பேன். அன்று நான் ஓடினேன். கண்ணில் பவுடரும் டீயும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதில் குழாய் எது என்றே தெரியவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தோளுக்கு மேலே வந்தன. தண்ணீரை அள்ளி என் முகத்தைக் கழுவின. தேயிலைக் கறை ஏறிய விரல்கள், பக்குவமாகக் கண்ணோரத்தைத் துடைத்தன. லயத்துப் பெண்கள் சுற்றி நின்று, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

சுருளியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மாரித்தாயின் முகத்தை நெருங்கிவந்து பார்த்தாள். "மூஞ்சி சுமாருதாண்டி" என்றாள். "கையிதான் கையி."

மாரித்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சுமாருன்னு சொல்லிட்டாகக்கா! சுமாராம்!" என்று என் தோளை உலுக்கினாள்.

எனக்கு அழுகை வந்தது. குழாய்த் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை. "இத்தன வருசமா இதெல்லாம் உன்ற மூஞ்சிலயா விழுந்துச்சு? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல புள்ள?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். "நீங்க ஒருநாளும் திரும்பிப் பாக்கலியேக்கா."

முன்னால் உட்காரும் ஆசை அவளுக்கு அந்த ஒரு நாளோடு தீர்ந்துவிட்டது. அங்கே காற்று அதிகம் அடிக்கிறதாம். மறுபடியும் நான் முகம், அவள் கை. கறுப்புத் துணியை மட்டும் தூக்கி எறிந்துவிட்டோம். நோட்டீசில் இரண்டு பெயர் போடுகிறோம், இரண்டு படம் போடுகிறோம். அவள் படத்தில் சிரிப்பை நிறுத்தவைக்க ஸ்டுடியோக்காரரால் முடியவில்லை.

இப்போது ஆட்டத்தின் நடுவில், பஞ்சு பின்னால் பறந்ததும், நான் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். அதை யாரும் சொல்லித் தரவில்லை, தாளத்திலும் அதற்கு இடமில்லை, ஒவ்வொரு தடவையும் அரைத் தாளம் தவறுகிறது. அங்கே முகம் முழுக்கப் பவுடரோடு மாரித்தாய் இருக்கிறாள்.